நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரைப் பற்றி ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. மொரீஷியஸ் மண்ணின் பெரியவர்களைப் பற்றி எங்கள் தமிழ் வகுப்புச் சுவரில் படங்கள் ஒட்டுகிறோம். 2008 பெய்ஜிங்கில் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த குத்துச்சண்டை வீரர் புரூனோ ஜூலி, தாவரங்களை ஆராய்ந்தவரும் 2015இல் முதல் பெண் அதிபரானவருமான அமீனா குரிப் ஃபக்கிம், சேகா என்னும் நம் தீவின் நாட்டுப்புற இசைப் பாடகர் டி ஃப்ரேர் எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

ரெங்கநாதன் சீனிவாசனின் இடம்தான் காலி. நேற்று ஒரு சிறுமி கசங்கிய நூறு ரூபாய் நோட்டை நீட்டி, "டீச்சர், இவர் யாரு?" என்றாள். அவர் முகம் உள்ள அதே நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. வழக்கறிஞர், அமைச்சர், 1958இல் மறைந்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி அவரைப் பற்றிச் சொன்ன கதை, பழைய பத்திரிகைத் துண்டு, புகைப்படம் எதுவானாலும் இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.