கலைச்சொல் தேவை: கழுத்தெலும்பில் 'அன்ஸ்டேபிள் ஃப்ராக்சர்'

> 'நிலையற்ற முறிவு' அகராதியிலேயே இருக்கிறதே ஐயா. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம். இருக்கிறது. அசைந்தால் உடைந்த துண்டுகள் நழுவக்கூடிய முறிவைத்தான் 'அன்ஸ்டேபிள்' என்கிறார்கள். ஆனால் 'நிலையற்ற வாழ்வு' என்று பழகிய காதுக்கு, நாலு நாளில் தானே சரியாகிவிடும் முறிவு என்றல்லவா படும்! ஆபத்தான குழப்பம்.

மேல் இரண்டு கழுத்தெலும்புகளை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். முதல் எலும்பான அட்லஸ் வெறும் வளையம். இரண்டாவதான ஆக்சிஸிலிருந்து ஒரு முளை எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. முளைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் பிணைநார், வளையம் முன்னால் சறுக்காமல் காக்கிறது. தலையை இடவலமாகத் திருப்பும்போது கழுத்தில் நடக்கும் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இந்த மூட்டில்தான். அவ்வளவு தாராளமாக அசையும் இடத்தில் எலும்புப் பூட்டு குறைவு, நாரை நம்பித்தான் பிழைப்பு.

1920-ல் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் விவரித்த அட்லஸ் முறிவில், உச்சந்தலையில் விழும் அடி வளையத்தை உடைத்து வெளிப்பக்கமாக விரிக்கிறது. தண்டுவடத்துக்கு இடம் கூடுவதால் பலர் கைகால் முடங்காமல் தப்புகிறார்கள். நார் முழுசாக இருந்தால் பெரும்பாலும் கழுத்துப்பட்டையிலேயே ஆறும். நார் அறுந்தால் கதையே வேறு. வாயைத் திறக்கச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேயில் வளையம் ஆக்சிஸைத் தாண்டி இருபக்கமும் துருத்தும் அளவு சேர்ந்து சுமார் 7 மி.மீ. தாண்டினால் அந்தச் சந்தேகம் வரும்.

ஆகவே என் முன்மொழிவு: 'பிடிவிட்ட முறிவு'.

> 'விலகிய முறிவு' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே?

அது படத்தில் கண்ணுக்குத் தெரிவது, அக்கா. மல்லாக்கப் படுத்திருக்கையில் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். எழுந்து உட்கார்ந்து தலையின் பாரம் இறங்கியதும் நழுவும். விலகாத முறிவும் பிடிவிட்டதாக இருக்கலாம்.

> முளையே அடியில் முறிந்தால்? அங்கே நார் அறுவதில்லையே.

நல்ல கேள்வி. மருத்துவர்கள் ஆண்டர்சனும் டிஅலோன்சோவும் 1974-ல் வகுத்த மூன்று முளை முறிவுகளில் இரண்டாம் வகை அது. நார் முளையை விடவில்லை, முளைக்குத்தான் அடி இல்லை. இரண்டும் வளையத்தோடு சேர்ந்தே சறுக்கும். முதியவர்களுக்கு எலும்பு ஒட்டாமலே போவதும் உண்டு. 'பிடி' என்பதை நாரோடு நிறுத்தாமல் மூட்டு முழுவதற்கும் கொண்டால் இதுவும் அடங்கிவிடும்.

'ஸ்பைனல் ஸ்டெபிலிட்டி'க்குத் 'தண்டுப் பிடிமானம்' என்று போடலாம். 'ஸ்டேபிள் ஃப்ராக்சரு'க்குப் 'பிடியுள்ள முறிவு' என்பது எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. வேறு சொல் தோன்றினால், இந்த இரண்டு முறிவுகளிலும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.