தனியாக இருக்கும் அம்மாவுக்கு அவசரப் பொத்தானா, கைக்கடிகாரமா?

பாமணிக்கரை:
அம்மாவுக்கு 79 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். அண்ணன் டல்லாஸில், நான் ஓசூரில். போன மாதம் கொல்லையில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்துவிட்டார். கைபேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. எழுந்திருக்க முடியாமல் இரண்டரை மணி நேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். பூக்காரம்மா குரல் கொடுத்துப் பார்த்து, பதில் வராமல் பின்பக்கமாகப் போய்ப் பார்த்ததால் தெரிந்தது. எலும்பு முறியவில்லை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார் அண்ணன். அழுத்தினால் உதவிக்கு அழைக்கும், கழுத்தில் மாட்டும் பொத்தானே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எது நல்லது? 'உங்களோடு அழைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா போனை வைத்துவிடுகிறார்.

மின்பித்தன்:
கடிகாரம்தான், யோசிக்கவே வேண்டாம். பொத்தானை அழுத்த நினைவு இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கியவர் எப்படி அழுத்துவார்? ஆப்பிள் கடிகாரத்தில் 2018-ல் வந்த நான்காம் வரிசையிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பலமாக விழுந்ததை உணர்ந்தால் மணிக்கட்டில் தட்டி, ஒலி எழுப்பிக் கேட்கும். ஒரு நிமிடம் போல அசைவே இல்லையென்றால் அவசர எண்ணைத் தானே அழைத்துவிட்டு, நாம் குறித்துவைத்த உறவினர்களுக்கு இடத்தோடு செய்தி அனுப்பும். டல்லாஸ் அண்ணன் பணம் போடத் தயாராக இருக்கும்போது நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

கைமருந்து:
தடுக்கத்தான் வேண்டும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலி, பதினோரு வருடமாக இதே வேலை. அந்தக் கடிகாரத்தின் சாதாரண மாடல்களுக்கு ஒரு சார்ஜ் 18 முதல் 24 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. எப்போது கழற்றி சார்ஜில் போடுவார்கள்? இரவில். இவர்கள் எப்போது விழுகிறார்கள்? இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் கழிப்பறைக்குப் போகும்போது.

இன்னொன்று. வயதானவர்கள் எல்லோரும் மரம் சாய்வது போலவா விழுகிறார்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு எழுந்திருக்க முடியாது. அந்தச் சரிவைக் கடிகாரம் விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கைபேசி கூடத்தில், அம்மா கொல்லையில் என்றால், தனி சிம் இல்லாத கடிகாரம் அங்கிருந்து யாரையும் அழைக்க முடியுமா என்பதும் சந்தேகம்தான்.

மின்பித்தன்:
காலையில் காபி குடித்து, பேப்பர் படிக்கும் ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டால் ஆயிற்று. சிம் உள்ள கடிகாரங்களும் கடையில் இருக்கின்றன. உங்கள் பொத்தான் கதைக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அழைப்புப் பொத்தான் பரவலாகக் கிடைத்த இடம் அது. இருந்தும், நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. அழுத்தாத பொத்தான் கழுத்தில் தொங்கி என்ன பயன்?

திண்ணைப்பாட்டி:
எனக்கு 74 வயது, காரைக்குடியில் தனியாக இருக்கிறேன். என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

என் மகன் ஒரு பொத்தான் வாங்கிக் கொடுத்தான். அரிசி களையும்போது மேடையில் இடித்து அழுந்திவிட்டது. ஒரு மையத்திலிருந்து அழைத்து இந்தியில் ஏதோ கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை, வைத்துவிட்டேன். அவர்கள் மகனை எழுப்ப, அவன் தெருவையே எழுப்பிவிட்டான். ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி. பிறகு அதைக் கழற்றிப் பூஜை அறை ஆணியில் மாட்டினேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது. நான்காவது முறை உண்மையாகவே விழுந்தாலும் அழுத்த யோசிப்பேன். மனிதர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம் பெரியது, ஐயா. உங்கள் கேம்பிரிட்ஜ் கிழவிகளுக்கும் அதுதான் இருந்திருக்கும்.

அவர் என்னோடு இல்லாமல் போன பிறகு கழுத்தில் எதையும் போட்டுக்கொள்வதில்லை என்பது இன்னொரு காரணம். அதை மகனிடம் சொல்லவில்லை.

இப்போது என் ஏற்பாடு இது: காலை ஏழு மணிக்குள் வாசலில் கோலம் இல்லையென்றால் எதிர்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டுவாள். கோலத்துக்கு சார்ஜும் வேண்டாம், சிம்மும் வேண்டாம்.

கைமருந்து:
பாட்டிம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோலம் போட்டுவிட்டு ஏழே கால் மணிக்கு விழுந்தால் மறுநாள் காலைவரை யாருக்கும் தெரியாது. நான் பார்த்த ஒருவர் அப்படி ஒரு பகல் முழுவதும் கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்ததில் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டது. விழுந்ததைவிடக் கிடந்ததுதான் அவரைக் கெடுத்தது. கழுத்துதான் பிரச்சினை என்றால் மணிக்கட்டுப் பட்டையில் மாட்டும் பொத்தானும் வருகிறது. நீங்கள் சொல்லியிருந்தால் மகன் மாற்றிக் கொடுத்திருப்பார்.

திண்ணைப்பாட்டி:
சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கும் ஒரு தட்டல் ஏற்பாடு செய்துகொள்கிறேன். ஆணியிலிருந்து எடுக்கமாட்டேன்.

நல்லெண்ணெய்:
இவ்வளவு செலவு எதற்கு? அரசின் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறதே, இலவசம். அதைக் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.

கைமருந்து:
அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும் இயங்கும் எண். ஓய்வூதியம், சட்ட ஆலோசனை, கைவிடப்பட்ட முதியவர்களை மீட்பது போன்றவற்றுக்கு. விழுந்தவருக்கு 108, அல்லது 112. அவசரத்தில் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழைய ஆசாரி:
எல்லாம் சரி, கதவை யார் திறப்பது?

என் சித்தப்பா திருச்சியில் தனியாக இருந்தார். குளியலறையில் விழுந்தார், பொத்தானை அழுத்தினார், மகனுக்கு அழைப்பு போயிற்று, பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு நாற்பது நிமிடம் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். கிரில்லுக்கு உள்பக்கம் பூட்டு, தேக்குக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். திருடனுக்குப் பயந்து நானே இழைத்துப் போட்ட தாழ்ப்பாள்! கடைசியில் கொல்லைக் கதவைக் கடப்பாறையால் நெம்ப வேண்டியதாயிற்று. பொத்தான் அதன் வேலையைச் செய்தது, தாழ்ப்பாளும் அதன் வேலையைச் செய்தது.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற நைட் லாட்ச் போடுங்கள். ஒரு சாவி எதிர்வீட்டில், இன்னொன்று தெருமுனைக் கடையில். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், உள்ளே விழுந்தவர் அதன்மேலேயே சாய்ந்து கிடந்தால் உள்ளே தள்ள முடியாது.

மின்பித்தன்:
இதற்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

கைமருந்து:
சம்பந்தம் இருக்கிறது. அழைப்புப் பட்டியலில் முதல் பெயராக எல்லோரும் யாரைப் போடுகிறார்கள்? வெளிநாட்டு மகனை. மன்னார்குடியில் மதியம் ஒன்றரை என்றால் டல்லாஸில் விடியற்காலை இரண்டு, மூன்று மணி. அவர் எழுந்து, கண்ணாடியைத் தேடி, பிறகு யாருக்குப் போன் செய்வார்? சாவி வைத்திருப்பவருக்குத்தான். அந்த ஆளை முதலில் போட்டுவிடுங்கள்.

பொத்தானே வாங்குவதென்றால் இதையும் கவனியுங்கள். விலை குறைந்தவை பல 2ஜியில் மட்டும் இயங்கும். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பொத்தான் பொம்மைதான். வைஃபையை நம்பும் கருவி என்றால், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போகும் நாளில் ரவுட்டரும் கூடவே போய்விடும், இன்வெர்ட்டரில் இணைத்திருக்க வேண்டும். குளியலறைக்கும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி நீர் புகாதது வேண்டும். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் தலையில் இடித்துக்கொண்டால் எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

பாமணிக்கரை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஊருக்குப் போயிருந்தேன். கழுத்தில் மாட்டச் சொல்லவே இல்லை. திண்ணைப்பாட்டி எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. மணிக்கட்டுப் பொத்தானைக் காட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சையாக ஒன்று இல்லையா?" என்றார். சாம்பல் நிறம்தான் இருந்தது. போட்டுக்கொண்டார்.

துவைக்கும் கல்லருகே உட்கார வைத்து அழுத்தச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானின் சமிக்ஞையை வாங்கிப் போன் செய்யும் பெட்டியைக் கூடத்து அலமாரியில் வைத்திருந்தேன், அதற்கு அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டிச் சமிக்ஞை எட்டவில்லை. பெட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றிய பிறகு, எதிர்வீட்டு அக்காவின் போன் அடித்தது. அவர் சாவியோடு உள்ளே வந்து நிற்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. தாழ்ப்பாள் கழற்ற ஆசாரி வந்தபோதுதான் அம்மா கொஞ்சம் தகராறு செய்தார். அப்பா போட்ட தாழ்ப்பாளாம். மேலே உள்ளதைக் கழற்றவில்லை, ஆனால் போடுவதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் கடிகாரத்தையும் அனுப்பிவிட்டார்.

மின்பித்தன்:
அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இன்னொரு கையில் கட்டிவிடுங்கள்.

பழைய ஆசாரி:
அந்த மேல்தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். இடி இடித்தால் ஒரு நாள் அம்மா போட்டுவிடுவார்.