ஆர்பிஎஃப் 600-உம் எஸ்ஆர்எஃப்-உம் கலந்து ஊற்றலாமா? டிராக் டேக்கு பிரேக் ஆயில் சந்தேகம்

போலோ_கோவை:
வணக்கம். அடுத்த மாதம் கரி ஸ்பீட்வேயில் டிராக் டே, சொந்த காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள். கார் 1.2 டர்போ போலோ. போன முறை கொஞ்சம் வேகமாகச் சுற்றியதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிட்டில் வந்து நின்ற பிறகு இன்னும் மோசம். நன்றாக ஆறியதும் சரியாகிவிட்டது. உள்ளே இருப்பது சாதாரண டாட் 4 தர பிரேக் ஆயில்.

நண்பர் ஒருவர் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ரேஸ் பிரேக் ஆயில் பாதி பாட்டில் கொடுத்திருக்கிறார், மழைக்காலத்துக்கு முன்பே திறந்தது. அதோடு காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஒரு பாட்டில் வாங்கிக் கலந்துவிடலாமா? இன்னொரு கடைக்காரர், டாட் 5 நாலைவிட ஒரு படி மேல், அதையே போடுங்கள் என்கிறார்.

ஸ்லிக்_டயர்:
டாட் 3, 4, 5.1 எல்லாம் ஒரே குடும்பம், கலந்தால் ஒன்றும் ஆகாது. டாட் 5 மட்டும் வேண்டாம். மீதியைப் பழைய கேலிபர் அண்ணன் சொல்வார்.

பழைய_கேலிபர்:
தம்பி, முதலில் கோளாறு ஆயிலில்தானா என்று பார்க்க வேண்டும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேடு சூட்டில் தோற்றுவிட்டது. பெடல் உள்ளே போகிறது, ஆறினால் திரும்புகிறது என்றால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விட்டிருக்கிறது. உங்களுடையது இரண்டாவது. பிட்டில் நின்ற பிறகு மோசமானதே சாட்சி: காற்று படாததால் டிஸ்க் சூடு முழுக்க, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிபருக்குள் இறங்கும்.

இப்போது கலவை. ஸ்லிக் சொன்னது சரி, சீல் எதுவும் கெடாது. ஆனால் காசு வீண். பாட்டிலில் இரண்டு எண் இருக்கும். ஒன்று புது ஆயிலின் கொதிநிலை, மற்றொன்று 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு. சாதாரண டாட் 4-க்குக் குறைந்தபட்சம் 230, 155 டிகிரி இருந்தால் போதும். ஆர்பிஎஃப் 600 புதிதாக 312, தண்ணீர் ஏறினால் சுமார் நூறு டிகிரி இறங்கிவிடும். எஸ்ஆர்எஃப் 320, தண்ணீர் ஏறியும் 270. அந்த 270-க்குத்தான் காஸ்ட்ரால்காரன் அவ்வளவு விலை சொல்கிறான். அதில் பாதி வேறு ஆயிலை ஊற்றினால் கொதிநிலை நடுவில் எங்கோ நிற்கும். எங்கே என்று எந்த பாட்டிலிலும் எழுதியிருக்காது.

ஆகவே பழக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்னால் மாற்றுவேன் என்றால் ஆர்பிஎஃப் தாராளம், புது எண்தான் உங்களுக்குக் கணக்கு. ஊற்றிவிட்டு வருஷம் முழுக்க ஆபீசுக்கும் அதே வண்டியில் போவேன் என்றால் எஸ்ஆர்எஃப்.

அந்தப் பாதி பாட்டில் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மழைக்காலம் முழுக்கத் திறந்த பாட்டிலில் இருந்தது 312 என்று லேபிளில் மட்டும்தான் இருக்கும். கிளட்ச் சிலிண்டருக்குக்கூட நான் ஊற்ற மாட்டேன்.

டாட் 5 என்பது சிலிகோன், வேறு ஜாதி. தண்ணீரை இழுக்காது. அதனாலேயே உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல் கேலிபர் அடியில் போய்த் தங்கி 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றுக் குமிழியையும் லேசில் விடாது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகவே ஆகாது. 5-க்கும் 5.1-க்கும் நம்பரைத் தவிர உறவே இல்லை. எஸ்ஆர்எஃப்-இல் சிலிக்கான் எஸ்டர் இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அது வேறு சமாச்சாரம், டாட் 4 வண்டியில் தாராளமாக ஊற்றலாம்.

போலோ_கோவை:
நன்றி அண்ணா. புது ஆர்பிஎஃப் 600 வாங்குகிறேன், ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவேன். ஒரு பாட்டில் போதுமா? பழையதை எப்படி முழுக்க எடுப்பது?

பழைய_கேலிபர்:
அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். முதலில் ரிசர்வாயரில், அதாவது பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில், இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். இதைச் செய்யாமல் நேராக ஏர் எடுக்க ஆரம்பித்தால் பழைய அழுக்கு ஆயிலையே நாலு சக்கரத்துக்கும் சுற்றிவிடுவீர்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பதற்கு உங்கள் வண்டி மேனுவலைப் பாருங்கள். கேலிபரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டுங்கள், கறுத்த நிறம் போய் வெளிறிய மஞ்சள் வரும் வரை விடுங்கள். ரிசர்வாயர் மட்டும் காலியாகக் கூடாது.

உதவிக்கு உட்காருகிறவரிடம் பெடலைத் தரை வரை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெடல் மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; பழையதில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும், சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தீர்ந்தது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஸ்லிக்_டயர்:
கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் நிறுத்தி டயருக்கு ஒரு கல் வையுங்கள்.

பழைய_கேலிபர்:
ஆமாம். கேலிபரில் ஒட்டுகிற வெப்ப ஸ்டிக்கர் கிடைத்தால் ஒன்று ஒட்டிப் பாருங்கள். 200 டிகிரியைத் தொடவில்லை என்றால் அடுத்த முறை இவ்வளவு செலவு தேவைப்படாது.