கழுவலா, கசிப்பா, மையா? மாதிரித் தாங்கிக்கு ஒரு சொல் தேடி

கொக்குவிலிலிருந்து:

> வாஷ் என்பதற்குக் கழுவல் என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

கோவை ஐயாவுக்கு வணக்கம். பிளாஸ்டிக்கில் கட்டும் மாதிரி யுத்த தாங்கியின் (டாங்க்) இடுக்குகளில் நீர்க்கக் கலக்கிய வர்ணத்தை ஓடவிடும் வேலையை ஆங்கிலத்தில் வாஷ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டபோது நீங்கள் எழுதியதைத்தான் மேலே எடுத்துப் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் புரியும் என்பது சரி. ஆனால் புரிவது வேறொன்று. நேற்று மாலை என் மேசையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பச்சை பூசிக் காய்ந்த தாங்கி. கரும்பழுப்பு எண்ணெய் வர்ணம் ஒரு பங்குக்கு டர்பன்டைன் பத்துப் பங்கு விட்டுக் கலக்கி, மெல்லிய தூரிகையின் நுனியால் ஓர் ஆணித்தலையின் அடியில் தொட்டேன். தொட்டதுதான் தாமதம், அது ஆணியைச் சுற்றி வளையமாக ஓடி, இரண்டு தகடுகள் சேரும் கோட்டில் இறங்கி, அரை அங்குலம் தானாகவே போய் நின்றது. கால் மணி நேரம் பொறுத்து, சுத்தமான டர்பன்டைனில் தோய்த்த தூரிகையால் மேட்டில் படிந்த மிச்சத்தைக் கழுவி எடுத்தேன். முதலில் செய்தது அழுக்காக்கும் வேலை. கழுவியது பின்னால்தான். உங்கள் சொல்லை வைத்துச் செய்முறை எழுதினால் "கழுவல் இட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கழுவவும்" என்று வரும். படிக்கிறவர் தாங்கியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விடுவார்.

இது என்ன தாங்கி என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஜப்பானின் தமியா நிறுவனம் எழுபதுகளில் வெளியிட்ட எம்3 லீ (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தாங்கி), 1:35 அளவு. என் மாமா 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, இரண்டு சில்லுகளை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மூடி வைத்த பெட்டி. 1995 ஒக்டோபர் இறுதியில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து போனபோது அது பரணில் கிடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோதும் அங்கேயே கிடந்தது. வீட்டில் காணாமற்போனவற்றின் பட்டியல் நீளம். பிளாஸ்டிக் தாங்கி மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை.

பழைய பெட்டிக்குப் பழைய நோய்கள். இறப்பர் போன்ற சங்கிலிப்பட்டி, தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த சில்லுகளை அரித்திருந்தது. பட்டியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, பக்கத்திலிருக்கும் பொலிஸ்டைரீனை இளக்கிவிடும். ஒட்டுப்படங்கள் மஞ்சளித்திருந்தன. அவற்றைப் பொலித்தீன் உறையில் இட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். இரண்டு கிழமையில் வெளுத்தன. வெயிலுக்கு இங்கே தட்டுப்பாடில்லை. இணைப்புகளை உரஞ்சும்போது அரத்தாளோடு ஆணித்தலைகளும் போயின. கொப்பின் ஓரத்திலிருந்து சின்னஞ்சிறு துண்டுகளாகச் சீவி ஒவ்வொன்றாக ஒட்டினேன், பதினேழு. (பாகங்களைத் தாங்கி நிற்கும் அந்தச் சட்டகத்தைக் கொப்பு என்றே எழுதுகிறேன். காயைப் பிடுங்குவதுபோலத்தானே பிடுங்குகிறோம்? அச்சின் விளிம்பில் பிதுங்கும் மிச்சத்துக்குப் பட்டறைக்காரரின் பிசிர் போதும். இந்த இரண்டிலும் விவாதம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.)

உண்மையான லீயின் உயரம் 3.12 மீட்டர். என் மேசையில் ஒன்பது சென்ரிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வலப்பக்கம் பிதுங்கிய பெட்டிக்குள் 75 மில்லிமீட்டர் பீரங்கி, மேலே சுழலும் கோபுரத்தில் 37 மில்லிமீட்டர் பீரங்கி. தகடுகளை ஆணியடித்துப் பொருத்திய உடல். குண்டு பட்டால் ஆணியே உள்ளே பறந்து ஆளைக் கொல்லும் என்பது அதன் பெரிய குறை. மாதிரி கட்டுகிறவனுக்கோ அந்த ஆணிகள்தான் அழகு. அவை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், பெயரில்லாத இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

கோவையிலிருந்து:

நண்பரே, தோற்றேன். கிணற்றடி வரை போய்விட்டேன்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது, அது தானாகக் கசிந்து போகிறது என்பதுதான். ஊறல் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் "இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு" என்று வாரம் ஒருமுறையாவது வரும், ஆகவே வேண்டாம். கசிதல் என்ற வினையிலிருந்தே செய்யலாம். நடி என்பதிலிருந்து நடிப்பு, படி என்பதிலிருந்து படிப்பு, அதுபோலக் கசி என்பதிலிருந்து கசிப்பு. சுருக்கமாகவும் இருக்கிறது, முன்பு யாரும் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

கோப்பாயிலிருந்து:

கோவை நண்பருக்கு, சாராயத்துக்குப் பயந்து ஊறலை விட்டு ஓடிய நீங்கள் நேரே வடிசாலைக்குள் போய் நிற்கிறீர்கள். இலங்கையில் கசிப்பு என்றால் கள்ளச்சாராயம். ஊறலுக்கு இங்கே பெயர் கோடா. ஆங்கிலத்திலும் அந்த ஊறலை வாஷ் என்றே சொல்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. "தாங்கிக்குக் கசிப்பு விட்டேன்" என்று கொக்குவில் தம்பி எழுதினால் பொலிஸ் வந்து கேட்கும்.

என் யோசனை ஐதுபூச்சு. இரசாயனப் பாடத்தில் ஐதான கரைசல், ஐதாக்கல் என்று நாற்பது வருடம் படிப்பித்தவன் நான். கலவை எப்படிப்பட்டது என்பதைச் சொல் நேரே காட்டுகிறது.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணா, மாஸ்டர், இவ்வளவு பாடு எதற்கு? வாஷ் என்றே விடலாம். தாங்கியே இரவல் சொல்தானே? மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த கிறீன் வைத்தியரும் இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றுதானே பெயர் வைத்தார்?

இன்னொரு கேள்வி. தவறாக எடுக்க வேண்டாம். நம்முடைய ஊரில் இருந்துகொண்டு இராணுவ வாகனம் கட்ட எப்படி மனம் வருகிறது?

கொக்குவிலிலிருந்து:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். ஏ9 வீதியில் ஆனையிறவில், 1991 சமரில் வந்த கவசப் புல்டோசர் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. கொழும்பு பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். 1944 இல் வடகிழக்கு இந்தியாவின் கோகிமாவில் ஜப்பானியரோடு பொருதிய தாங்கியைக் கட்டுகிறேன் என்றால், அந்தத் தூரம் எனக்கு வேண்டியிருந்தது என்று எடுத்துக்கொள் தம்பி. அம்மாவுக்கு இதுகூடப் பிடிக்கவில்லை. விருந்தினர் வந்தால் மேசைமேல் துண்டு போட்டு மூடிவிடுவார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கெமிஸ்தம் நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் உன் பக்கம் நிற்காது. 1875 இல் வந்த அந்த நூலுக்குப் பெயரிட்டவர் பிறமொழிச் சொல்லை அப்படியே இறக்கி வைக்கவில்லை. அம் என்று முடித்து, பாடம், பாடத்தை, பாடத்தில் என்பதுபோலக் கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் என்று நடக்கப் பழக்கிவிட்டார். வாஷுக்கு அப்படி யாரும் கால் பூட்டவில்லை. அத்துடன் தமிழ்நாட்டில் வாஷ் என்பார்கள், இங்கே வொஷ் என்பார்கள். சொல் பிறக்கும் முன்னே இரண்டு எழுத்துக்கூட்டல்.

தாங்கி கதை இன்னும் சுவையானது. பிரித்தானியர் 1915 இல் அந்த இயந்திரத்தைக் கட்டும்போது, இரகசியம் காக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் டாங்க் என்ற பெயரை வைத்தார்கள். 1916 செப்டெம்பரில் அது போர்க்களத்துக்கு வந்தபின்னும் பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. அதன் ஒலியைப் பிடித்த நம்முடைய பத்திரிகைகள் தாங்கி என்று எழுதின. தண்ணீர்த் தாங்கி, வீதியோரத்துச் சுமைதாங்கி, யுத்த தாங்கி, மூன்றும் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டன. கவசத்தையும் தாங்குகிறது, பீரங்கியையும் தாங்குகிறது. இரவல் வாங்கிய ஒலிக்கு வீட்டிலேயே ஒரு பொருள் இருந்தது. ஆகவே சொல் எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1:35 என்ற அளவே, அறுபதுகளின் தொடக்கத்தில் தமியா செய்த பாந்தர் தாங்கிக்குள் மோட்டாரும் பற்றரியும் அடங்க வேண்டும் என்பதால் வந்து விழுந்ததுதானாம். தற்செயலாக வந்தாலும் பரவாயில்லை. பிழையான வேலையைச் செய்யச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மாஸ்டர், ஐதுபூச்சில் எனக்கு இரண்டு தயக்கம். ஐது என்றால் கோவையில் புரியாது. அங்கே நீர்த்த கரைசல் என்றுதான் படிக்கிறார்கள், நம்முடைய அமுக்கம் அங்கே அழுத்தமாவதுபோல. மற்றது, ஐதாக்கிய வர்ணத்தை உடல் முழுவதும் மெல்லப் பூசி நிறத்தை ஒரு சாயல் மாற்றும் வேலை தனியாக இருக்கிறது. ஐதுபூச்சு அதற்குப் பொருந்தும், எடுத்து வைத்திருங்கள். இங்கே நடப்பது பூச்சு அன்று. தூரிகை ஓர் இடத்தைத் தொடுகிறது. மிச்சத் தூரத்தை வர்ணம் மயிர்த்துளைத் தன்மையால் தானே போகிறது.

எனக்கு வழி காட்டியது குத்துவிளக்கு. வெள்ளிக்கிழமைக்கு அம்மா பழப்புளி போட்டு மினுக்கினாலும், வேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்பு தங்கியிருக்கும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் தாமரை இதழ் எது, வளையம் எது என்று தெரியாது. புது விளக்கு ஏன் வெறுமையாகத் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். களிம்பு என்று வைக்கலாமா என்று ஒரு நாள் முழுவதும் ஆசைப்பட்டேன், செம்பிற் களிம்பு நம்முடைய சைவ சித்தாந்தத்துக்கு வேண்டிய உவமை. ஆனால் மருந்துக்கடையில் களிம்பு வேறு, விட்டுவிட்டேன்.

பிறகு மருமகள் வந்தாள். எட்டாம் வகுப்பு. தூரிகை ஆணியைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, "மாமா, கண்ணுக்கு மை வைத்ததுபோல இருக்கிறது" என்றாள். அதற்குமேல் என்ன வேண்டும்? மையிட்ட பிறகுதான் கண் எழும்பித் தெரிகிறது. கறுப்பாக மட்டும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, சிவப்பு மையும் மைதான். ஆகவே இடுக்குமை என்று முன்வைக்கிறேன்.

கோப்பாயிலிருந்து:

மை நன்று. மருமகளுக்கு என் பாராட்டைச் சொல்லவும்.

இடுக்குமை கூடாது. வறுமை, பொறுமை, கடுமை என்று மை ஈற்றுப் பண்புப்பெயர்கள் நிறைந்த மொழியில், இடுக்குமை என்று கண்டவர் இடுக்காக இருக்கும் தன்மை என்றே படிப்பார். இரண்டாம் பாதியில் மையை வைக்காதே தம்பி, முன்னால் கொண்டுவா.

கோவையிலிருந்து:

மாஸ்டர் சொல்வது சரி. நான் அதை இடுக்கண் போல ஏதோ துன்பம் என்று எண்ணினேன். மையூட்டல்? சாயமூட்டல் இருக்கிறதே.

கொக்குவிலிலிருந்து:

மையூட்டலை மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். குறையில்லை. ஆனால் ஊட்டுவது என்றால் நான்தான் எல்லாவற்றையும் செய்கிறேன் என்றாகிறது. நான் செய்வது பாதிகூட இல்லை.

இதற்கிடையில் ஒரு விபத்து. டர்பன்டைன் முடிந்து, வீட்டுப் பொருள் விற்கும் கடையொன்றில் கேட்டேன். போத்தலில் ஊற்றித் தந்தார்கள். பின்னுடலில் தொட்டதும் மை ஓடியது, கூடவே பச்சையும் ஓடியது, அதற்கடியில் பிளாஸ்டிக்கும் குழைந்தது. கார்களுக்கு வர்ணம் தெளிப்பவர்கள் பாவிக்கும் தின்னரைத் தந்திருக்கிறார்கள். மணந்து பார்க்காதது என் பிழை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கழித்துப்போட்ட கொப்பில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே தாங்கியில் தொடுங்கள். எண்ணெய் வர்ணம் இடுவதற்கு முன் அக்ரிலிக் மினுக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் அடிப்பச்சை தப்பும். பளபளப்பான பரப்பில் அது தடையில்லாமல் ஓடும், சொரசொரப்பில் அப்படியே பரவிக் கறையாகிவிடும். நான்கு ஆணித்தலை போயிற்று, திரும்பவும் சீவி ஒட்டியாயிற்று.

அந்தக் கோபத்தில் மருமகளிடம் நடந்ததைச் சொல்லும்போது "மை ஓடின ஓட்டத்தில்" என்று என் வாயிலேயே வந்துவிட்டது. மையோட்டம். மை முன்னால் நிற்கிறது, மாஸ்டரின் தடையும் இல்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"மையோட்டம் காய்வதற்குள் மேட்டைக் கழுவவும்."
"ஆணித்தலைகளுக்கு மட்டும் மையோட்டம் கொடுத்தேன்."
"மையோட்டத்தில் டர்பன்டைன் கூடிவிட்டது, கோடு வெளிறிவிட்டது."

உடல் முழுவதும் இடுவதை முழு மையோட்டம் என்றும், ஆணிக்கும் கோட்டுக்கும் மட்டும் தொடுவதை இடுக்கு மையோட்டம் என்றும் பிரிக்கலாம். மாஸ்டர் தட்டினால் மட்டும் மாற்றுகிறேன்.

கோப்பாயிலிருந்து:

தட்டவில்லை. மை ஓட்டம் என்று பிரித்தெழுத வேண்டாம், சேர்த்தே எழுதவும். மைய ஓட்டம் என்று அச்சுக்கோப்பவர் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

கொக்குவிலிலிருந்து:

நன்றி மாஸ்டர். நாளை சில்லுகளுக்குக் கோப்பாய்ச் செம்மண்ணை அரித்துத் தூவப்போகிறேன். கோகிமா மண் இந்த நிறமா என்று கேட்கிறவர்கள் பிறகு கேளுங்கள்.

கோவை ஐயாவிடம் ஒன்று. மையோட்டம் முடிந்தபின், வர்ணத்தைத் துடைத்தெடுத்த காய்ந்த தூரிகையால் மேட்டு விளிம்புகளை மட்டும் வெளிறத் தேய்ப்போமே, அதற்கு விளக்கு நினைவில் மினுக்கல் என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் மினுக்குவது என்றால் வேறு ஏதோ பொருளாமே? கசிப்பு மாதிரி ஆகிவிடுவதற்குள் சொல்லிவிடுங்கள்.