விக்டோரியா காலத்து ஞானஸ்நான அங்கிக்கு ஓய்வு கொடுத்தது சரியா?

தறிவீடு:
1841-இல் பிரிட்டனின் விக்டோரியா ராணியின் மூத்த மகளுக்காகத் தைத்த அங்கி அது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு, இங்கிலாந்தின் டெவன் பக்கத்து ஹானிடன் லேஸ். 2004 வரை அரச குடும்பத்தின் 62 குழந்தைகள் அதை உடுத்தியிருக்கிறார்கள். 2008-இலிருந்து நகல்தான். 2013-இல் இளவரசர் வில்லியமின் மகன் ஜார்ஜுக்கும் நகலையே போட்டார்கள். எலிசபெத் ராணி குழந்தையாக உடுத்திய அதே துணி கொள்ளுப்பேரன் மேல் கிடப்பதில்தானே அதன் அருமை? நகலைப் போட்டுவிட்டு மரபு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசிநூல்:
பழந்துணி பழுதுபார்ப்பதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். என் அம்மாவின் கல்யாணப் பட்டுக்கு நாற்பது வயதுதான். பீரோவில் ஒரே மடிப்பில் கிடந்தது. விரித்தபோது மடிப்பு நெடுக, கோடு போட்டாற்போல் விட்டுவிட்டது. அந்த அங்கிக்கோ 2004-இலேயே 160 வயது தாண்டிவிட்டது. நீளப் பாவாடை தூக்குபவர் கையைத் தாண்டித் தொங்கும். அந்தக் கனம் முழுக்கச் சின்ன மேல்சட்டையைத்தான் இழுக்கும். உள்ளே குழந்தை கைகால் உதைக்கும். எத்தனை நாள் தாங்கும்?

தறிவீடு:
டென்மார்க்கில் 1870-இல், பின்னாளில் மன்னரான பத்தாம் கிறிஸ்டியனுக்கு உடுத்திய அங்கியை 2011-இல் அரச குடும்பத்து இரட்டைக் குழந்தைகள் ஞானஸ்நானத்திலும் எடுத்தார்களே. அப்புறம் இந்த பிரிட்டன் நகலின் லேஸைத் தேநீரில் நனைத்துப் பழைய நிறம் ஏற்றினார்களாம். அது உறுத்துகிறது.

ஊசிநூல்:
ஒரு துணி தாங்கினால் இன்னொன்றும் தாங்க வேண்டும் என்றில்லை, நண்பரே. தேநீர் சமாச்சாரத்தை நகலைச் செய்த ஏஞ்சலா கெல்லியே எழுதியிருக்கிறார். யாரையும் ஏமாற்றவில்லை. பழைய லேஸின் நிறம் வர இது எளிய வழி.

ஜெபமாலை:
அசல் அங்கியே விக்டோரியாவின் 1840 கல்யாண உடையை மாதிரியாக வைத்துத் தைத்ததுதான். அதை முதலில் உடுத்திய அந்த மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் நடந்ததும் பெற்றோரின் முதல் கல்யாண நாளில், பிப்ரவரி 10. இன்றைக்கும் அதே 1840 வெள்ளித் தொட்டி, லில்லி ஃபான்ட். உள்ளே யோர்தான் நதித் தண்ணீர். சடங்கின் உயிர் தண்ணீரில்தான் இருக்கிறது, அங்கியில் இல்லை.

தறிவீடு:
தண்ணீர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மடிப்பு விட்ட கதையும் மனதைத் தொட்டது. சரி, அசல் இருட்டில் பத்திரமாக இருக்கட்டும். ஆனால் ஸ்வீடன் அரச குடும்பத்தில் 1906-இலிருந்து வரும் அங்கியின் உள்பக்கம் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தேதியையும் நூலால் தைக்கிறார்கள். இந்த நகலிலும் அப்படித் தைத்தால், அதற்கும் சொந்தமாக ஒரு வரலாறு சேரும்.