சோர்லி மெக்லீன்: பள்ளிக்கூட வேலை அவருடைய கவிதையை நிறுத்திவிட்டதா?

கேள்வி: மேலூர் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ் நடத்தி வருகிறேன். மதுரையில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடிப் படிக்கும் வழக்கம் உண்டு. இம்முறை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மெக்லீனை எடுத்துக்கொண்டோம். 1911-இல் ராசே என்ற வடமேற்குத் தீவில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, 1934 முதல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்தில் கண்ணிவெடியில் சிக்கிக் கால் எலும்புகள் நொறுங்கின. மறு ஆண்டில் வெளிவந்த தொகுப்பு கேலிக் கவிதையின் போக்கையே மாற்றியது. ஆனால் 1956 முதல் 1972 வரை ப்ளாக்டன் என்ற கடலோரச் சிற்றூரில் தலைமையாசிரியராக இருந்த பதினாறு ஆண்டுகளில் அவர் எழுதியது மிகக் குறைவு.

என் மேசை இழுப்பறையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் கடைசியாக எழுதிய கவிதையின் ஓரத்தில் தேர்தல் பணி ஆணையின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. பள்ளிக்கூடம்தான் அவருடைய கவிதையைத் தின்றதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

அம்மா, முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியிலேயே கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆம், தின்றுதான் விட்டது. சிறிய பள்ளியின் தலைமையாசிரியர் என்றால், காலை மணி அடிப்பதற்கு முன்பே இன்றைக்கு யார் விடுப்பு, எந்த வகுப்பை எதோடு சேர்த்து உட்கார வைப்பது என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு ஓடும் மனத்தில் வேறு எதுவும் தங்காது. நம் மதுரையிலேயே சான்று உண்டு. 1904-இல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்த பாரதியார் மூன்று மாத அளவில் அவ்வேலையை விட்டுச் சென்னைக்குச் சுதேசமித்திரனில் பணியாற்றப் போய்விட்டார். அந்தப் பள்ளி வாசலைக் கடக்கும்போதெல்லாம், அவர் போனது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றும். மெக்லீனுக்கு அப்படிப் போக வழியில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், மாதச் சம்பளம் வேண்டியிருந்தது.

மறுமொழி 2: வைகைக்கரை வாசகர்

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. மெக்லீனின் மிகப் புகழ்பெற்ற கவிதையான 'ஹாலெய்க்' அச்சில் வந்தது 1954-இல். அப்போது அவர் எடின்பரோவில் முழுநேர ஆங்கில ஆசிரியர். போர் நாள்களைக் கழித்தால்கூடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றுவிட்ட ஒருவர் எழுதிய கவிதை அது.

ஹாலெய்க் என்பது ராசே தீவின் கிழக்குக் கரையில் இருந்த ஊர். 1850-களில் நிலவுடைமையாளர் குடிகளை வெளியேற்றிவிட்டு அங்கே ஆடுகளை மேய விட்டார். மெக்லீனின் கவிதை, பலகை வைத்து ஆணியடித்து மூடிய ஒரு சன்னலில் தொடங்குகிறது. பிறகு, அந்த ஊரிலிருந்து மறைந்துபோன பெண்கள் பூர்ச்ச மரங்களாகி நிரை நிரையாக நடந்து வருகிறார்கள். இதைப் படித்த இரவில் எனக்கு நற்றிணையின் 172-ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை புன்னையாக முளைக்க, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த பெண்ணிடம், அந்த மரம் உனக்குத் தங்கை, உன்னைவிடச் சிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவள் நாணுகிறாள். நம் பாடலில் மரம் தங்கை ஆகிறது, அங்கே ஊர்ப்பெண்கள் மரம் ஆகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ப்ளாக்டனில் இருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. கேலிக் மொழிக்கான உயர்நிலைத் தேர்வு, வீட்டிலேயே அம்மொழி பேசி வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைந்திருந்தது. புதிதாகக் கற்க வந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. கற்போருக்கெனத் தனி வினாத்தாள் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1960-களின் பிற்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. எழுதாத நாள்களில் அவர் தம் மொழிக்கு வாசகரைச் சேர்த்துக்கொண்டிருந்தார் என்றே நான் கொள்கிறேன்.

மறுமொழி 3: மகால் பகுதி வாசகர்

நான் சௌராட்டிர மொழி பேசும் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மெக்லீனின் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. ஆறு வயதில் பள்ளிக்குப் போகும்வரை அவருக்கு வீட்டு மொழியான கேலிக் மட்டுமே தெரியும். 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. வளர்ந்தபின் பிழைப்புக்காக ஆங்கிலம் கற்பித்தவர், கவிதையை மட்டும் வீட்டு மொழியில் எழுதினார். வீட்டில் உடனிருந்த அவருடைய தந்தைவழிப் பாட்டிக்குப் பழைய பாடல்கள் ஏராளமாகத் தெரியும். அவருடைய செவி அங்கேதான் பழகியது.

எங்கள் வீட்டில் பாட்டி தறிக்குழியில் கால் வைத்தபடி சௌராட்டிரத்தில் பாடுவார். நான் தமிழில் படித்தேன், தமிழில் எழுதுகிறேன், தமிழை நேசிக்கிறேன். அந்தப் பாட்டில் பாதி எனக்குப் புரிந்தது. என் மகளுக்கு அதுவும் இல்லை. எங்களுக்கென்று எழுத்து இருக்கிறது, ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் தெருவில் மிகச் சிலர். ஆகவே, ஒரு தலைமையாசிரியர் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வினாத்தாளுக்காகப் போராடினார் என்பதை என்னால் இழப்பாக எண்ண முடியவில்லை. அப்படி ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தால் என்று ஏங்குகிறேன்.

கேள்வி கேட்டவர்: மேலூர் தமிழாசிரியை

மூவருக்கும் நன்றி. திருமங்கலம் ஐயா சொன்ன அந்தக் கணக்கு என் மனத்திலும் நாள்தோறும் ஓடுகிறது. அதை மறுக்க மாட்டேன். ஹாலெய்க் கவிதை முழுக்க ஊர்ப்பெயர்களும் ஓடைப்பெயர்களும் வருவதைப் பார்த்தபின், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் ஊர்க் கண்மாயின் மடைகளுக்கு என்ன பெயர் என்று கேட்டு வரச் சொன்னேன். பெரும்பாலோர் பெரிய மடை, சின்ன மடை என்று எழுதி வந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் அப்பத்தாவிடம் கேட்டு ஏழு பெயர்களைக் கொண்டுவந்தாள். அவற்றில் நான்கு மடைகளுக்கு இப்போது தண்ணீர் வருவதில்லை, சீமைக் கருவேலம்தான் நிற்கிறது என்று அவளே பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்த ஏழு பெயர்களையும் நேற்று இரவு என் நோட்டில், தேர்தல் பணி ஆணை எண்ணுக்குக் கீழே, எழுதி வைத்தேன்.