கையால் ஷூ செய்யப் பழக முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

தையல்விரல் கேட்டது:

வணக்கம். பெல்ட், பர்ஸ், சின்னப் பைகள் வரை கையால் தைக்கத் தெரியும். கட்டிங் மேட், பிளேடு மாற்றும் கட்டர், 4 மி.மீ. இடைவெளியில் துளை குறிக்கும் முள், 0.8 மி.மீ. மெழுகு நூல், கான்டாக்ட் பசை கையில் இருக்கின்றன. அடுத்து எனக்கே ஒரு ஜோடி ஷூ செய்ய ஆசை. தேடிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டியலிலும் ஐம்பது, அறுபது கருவிகள் வருகின்றன. முதல் ஜோடிக்கு உண்மையில் எவை வேண்டும்? லாஸ்டை, அதாவது ஷூவை வடிக்கும் கால் வடிவக் கட்டையை, மரத்தில் வாங்குவதா, பிளாஸ்டிக்கிலா? தையல் மெஷின் இல்லாமல் முடியுமா? எந்தத் தோல், எவ்வளவு தடிமன்? சோலை ஒட்டுவதா, தைப்பதா? பொருள் வாங்கிக் குவிக்கும் முன் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கட்டையும்தோலும்:

கருவிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் லாஸ்டைப் பாருங்கள். அது பொருந்தாவிட்டால் மற்ற எல்லாம் கச்சிதமாக இருந்தாலும் அந்த ஷூவைப் போட முடியாது.

வாங்குவதற்கு முன் காலை அளந்துவிடுங்கள். மாலையில், கால் சற்று உப்பியிருக்கும்போது, இரண்டு காலிலும் எடை சமமாக விழும்படி நின்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தாளில் கால் வரைவு, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை நீளம், விரல்களின் அடிமூட்டுகளைச் சுற்றிய அளவு, கால்முதுகின் உயரமான இடத்தைச் சுற்றிய அளவு, குதிகாலின் கீழ்முனையிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரை சுற்றிய அளவு. ஒவ்வொரு காலுக்கும் இவை ஐந்தும் போதும்.

லாஸ்டின் அடிநீளம் கால் நீளத்தைவிட 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். முனை கூராக இருந்தால் இன்னும் கொஞ்சம். சைஸ் எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ., ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்குக் கிட்டத்தட்ட 8.5 மி.மீ. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணைகள் எப்போதும் தோராயமானவை. விற்பவரிடம் நீளத்தையும் மூட்டுச் சுற்றளவையும் மி.மீ.யில் கேளுங்கள். சுற்றளவு கொஞ்சம் குறைவாக இருந்தால் லாஸ்டின் மேல் தோல்துண்டை ஒட்டி, ஓரத்தைச் சீவிச் சரிவாக்கி மேடேற்றிக்கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் இரண்டு கட்டையையும் ஒரே மாதிரி செதுக்கிக் குறைப்பது புதியவருக்குக் கைவராத வேலை.

மரமா பிளாஸ்டிக்கா என்றால் பிளாஸ்டிக். ஈரத்தோலை இழுத்து உலர விடும்போது அது உப்பாது, சுருங்காது, ஆணித்துளைகளையும் நெடுநாள் தாங்கும். நடுவில் மடங்கும் கீல் வைத்ததாக இருக்கட்டும். கீல் இல்லாத முழுக்கட்டையை முடிந்த ஷூவிலிருந்து உருவும்போது பின்தையல் பிய்ந்துபோவது அடிக்கடி நடக்கும்.

பலர் பார்க்காமல் விடுவது ஹீல் உயரம். ஒவ்வொரு லாஸ்டும் ஒரு குறிப்பிட்ட ஹீலுக்கென வடித்தது. 25 மி.மீ. ஹீலுக்கான லாஸ்டில் செய்து 10 மி.மீ. ஹீல் வைத்தால் முனை வானத்தைப் பார்க்கும். 35 வைத்தால் முனை தரையில் குத்தும், கால் முன்னால் சறுக்கும். வாங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு லாஸ்டின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

எந்த முறை என்பதற்கு என் யோசனை ஸ்டிச்டவுன். மேல்தோலை லாஸ்டின் அடிக்குள் மடக்காமல் வெளிப்பக்கம் விரித்து, மிட்சோலோடு (நடு அடித்தோல்) சேர்த்துச் சுற்றிலும் தைப்பது. உள்ளே மடக்கும்போது முனையில் தோல் மிஞ்சிச் சுருக்கம் விழும். வெளியே விரிக்கும்போது அந்த வளைவில் தோல் நீளத்தான் வேண்டும், மிஞ்சாது. இரண்டு ஊசித் தையல் உங்களுக்கு ஏற்கெனவே வரும் என்பதால் பாதித் தொழில் கையில் இருக்கிறது.

கூர்க்கத்தி:

லாஸ்ட் பத்தி மேல சொன்னதுல மாற்றுக்கருத்து இல்ல. நான் கைக்கருவி பக்கம் மட்டும் சொல்றேன்.

கண்டிப்பா வாங்க வேண்டியது மூணு. தோல் சீவுற கத்தி, லாஸ்டிங் (தோல லாஸ்ட் மேல இழுத்துப் படிய வைக்குறது) குறடு, அந்தக் கத்தியத் தீட்ட சாணைக்கல்லு. மத்ததுல பெரும்பாலும் வீட்டுல இருக்குறத வெச்சே ஓட்டிடலாம், சில்லறைச் சாமான் சிலது மட்டும் சேரும்.

கத்தி விலை உசந்ததா இருக்கணும்னு இல்ல, கூரா இருக்கணும். 1000 நம்பர் கல்லுல முனையக் கொண்டுவந்து, 4000 இல்ல 6000ல மெருகேத்தி, கடைசியா பச்சை குரோமியம் ஆக்சைடு தடவின தோல்பட்டையில பின்பக்கமா இழுத்து முடிங்க. சீவும்போது ஒவ்வொரு சில நிமிஷத்துக்கும் ஒருதரம் பட்டையில இழுக்கணும். குரோம் தோலு (குரோமியம் உப்புல பதப்படுத்தினது) மெத்துன்னு இருக்குறதால, மழுங்கின கத்தி அதை வெட்டாம முன்னாடி தள்ளும். அப்போ கை தானா அழுத்தும், அழுத்தினா ஓட்டை விழும். புதுசா பழகுறவங்க கிழிக்குற தோலெல்லாம் பெரும்பாலும் இந்த வகையில போறதுதான்.

சீவ அடிப்பலகை தடிமனான கண்ணாடி இல்ல வழவழப்பான கிரானைட் துண்டு. கட்டிங் மேட்டுல சீவாதீங்க, அமுங்கிக் கொடுக்கும். ஒரு தோல் மேல இன்னொண்ணு ஏறி உக்காருற இடத்துல, அடியில போற தோலுக்கு 8 மி.மீ. கூடுதலா விட்டு, அந்த 8 மி.மீ.யையும் ஓரத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போற மாதிரி சரிவா சீவணும். சீவாம விட்டா அந்த மேடு விரல் மேல உரசி நாலு எட்டுலயே கொப்புளம் வரும். மடிச்ச ஓரம் முதல் ஜோடிக்கு வேண்டாம், வெட்டின ஓரத்த அப்படியே விட்டுச் சாயம் பூசிடுங்க.

லாஸ்டிங் குறடுக்கு ஈடா வேற எதையும் என்னால சொல்ல முடியல. அதோட கீழ்ப்பக்கம் ஒரு சுத்தித்தலை மாதிரி இருக்கும். தோல இழுத்துப் பிடிச்சு, அந்தத் தலைய லாஸ்ட் அடியில ஊணி நெம்புனா இழுவை பல மடங்காகும், அப்படியே கட்டைவிரலால அமுக்கி ஆணி அடிச்சிடலாம். சாதாக் குறட்டுல நெம்ப வழியில்ல, பல்லு வேற தோல் ஓரத்தக் கடிச்சுத் துண்டாக்கிடும்.

சுத்தி சாதா சுத்தியே போதும். முகத்தோட கூரான விளிம்ப அரத்தால உருட்டி, 400 உப்புத்தாள்ல வழவழன்னு ஆக்கிக்கோங்க. விளிம்பு பட்டா தோல்ல பிறை மாதிரி தழும்பு விழும், அது போகவே போகாது. குத்தூசி ரெண்டு வேணும்: குறி போட உருண்டை முனை ஒண்ணு, தையலுக்கு வைர வடிவ முனை ஒண்ணு. லாஸ்டிங் ஆணி 13லேர்ந்து 16 மி.மீ., ஒரு ஜோடிக்கு நூறு, நூத்திருபது இருந்தா தட்டாது. சோல் ஓரத்துக்கு மரம் ராவுற முரட்டு அரம், அப்புறம் 80, 120, 220, 400னு உப்புத்தாள்.

மெஷின் இல்லாம தாராளமா முடியும். ஆனா உங்க 4 மி.மீ. முள்ளும் 0.8 நூலும் மேல்தோலுக்கு முரடு. 3 மி.மீ. முள், 0.45 இல்ல 0.5 நூல் எடுத்துக்கோங்க. அதுக்கும் நெருக்கமா துளை போடாதீங்க, லாஸ்ட்ல இழுக்கும்போது தபால்தலை ஓரம் மாதிரி பிரிஞ்சு வந்துடும். தட்டையா தைக்க முடிஞ்சதை எல்லாம் தட்டையாவே தைச்சு முடிச்சிட்டு, குதிகால் பின்தையல கடைசியா சேருங்க. உங்க 0.8 நூலை சோல் தையலுக்கு வெச்சுக்கோங்க.

அடித்தோல்:

தோலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. கருவியில் மிச்சம் பிடிக்கலாம், தோலில் பிடித்தால் அது காலில் தெரியும்.

மேல்தோலுக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. குரோம் தோல். லைனிங்குக்கு 0.8 முதல் 1 மி.மீ.; இது மெருகுப்பூச்சு இல்லாததாக, வியர்வையை உறிஞ்சக்கூடியதாக இருக்கட்டும். பர்ஸுக்கு வாங்கிய 2 மி.மீ. வெஜ் டேன் (தாவரச் சாற்றில் பதப்படுத்திய தோல்) மிச்சம் இருக்கிறதென்று அதை மேல்தோலாக்கிவிடாதீர்கள். லாஸ்டின் முனையில் வளைந்து கொடுக்காது. அந்த 2 மி.மீ. துண்டு குதிகால் ஸ்டிஃப்னருக்கு (உள்ளே வைக்கும் விறைப்புத் துண்டு) நல்ல பொருள். சுற்றிலும் 15 மி.மீ. அகலத்துக்குச் சீவி, நனைத்து, மாவுப்பசை தடவி, லைனிங்குக்கும் மேல்தோலுக்கும் நடுவில் வைத்தால் உலர்ந்ததும் விறைத்துக்கொள்ளும். முனைக்கும் அதே முறைதான், ஆனால் 1 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக.

இன்சோல் (பாதத்துக்குக் கீழே வரும் உள்அடி) 3 முதல் 3.5 மி.மீ. வெஜ் டேன், அவுட்சோல் (தரையில் படும் வெளிஅடி) 4.5 முதல் 5 மி.மீ. அழுத்தமான சோல்தோல் அல்லது ரப்பர் தகடு. இன்சோலுக்கு அட்டை வேண்டாம். வெஜ் டேன் வியர்வையை வாங்கி, நடக்க நடக்க உங்கள் பாதத்தின் பள்ளமேட்டுக்கு ஏற்ப அமர்ந்துகொள்ளும். பாத நடுவில் இரும்புப் பட்டை, அதாவது ஷாங்க், ஹீல் 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் கட்டாயம். இல்லையென்றால் ஹீலுக்கு முன்னால் சோல் தொய்ந்துபோகும்.

தோலை வெட்டும்போது கையால் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளும் திசை முனையிலிருந்து குதிகாலுக்குப் போக வேண்டும், அதிகம் நீளும் திசை குறுக்கே. மாற்றி வெட்டினால் சில வாரத்தில் ஷூ நீண்டு தளர்ந்துவிடும். வயிற்றுப் பக்கத் தோல் எங்கே சேர்ந்தாலும் வாம்ப்புக்கு (விரல்களை மூடும் முன்பகுதி) சேரக்கூடாது. இரண்டு வாம்ப்பையும் முதுகெலும்புக் கோட்டின் இருபுறமும் எதிரெதிராக வெட்டினால் இரண்டு ஷூவும் ஒரே மாதிரி மடியும். ஜோடிக்கு 3 சதுர அடி போதும், பழகுபவர் 4 எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஈரமான வெஜ் டேனில் இரும்பு பட்டால் தோலிலுள்ள டானின் வினைபுரிந்து கருநீலக் கறை பிடிக்கும். நனைத்த தோலில் துருப்பிடித்த கருவியோ இரும்புத்தூள் ஒட்டிய கையோ படக்கூடாது.

ஸ்டிச்டவுன் பற்றி எனக்கு வேறு எண்ணம். அதில் ஷூ சீக்கிரம் கிடைக்கும், லாஸ்டிங் கைவராது. மூன்று, நான்கு துண்டில் ஒரு டெர்பி (லேஸ் கட்டும் பக்கப்பட்டைகள் வாம்ப்பின் மேல் ஏறித் திறந்து நிற்கும் ஷூ) வெட்டி, சோலை ஒட்டி முடிப்பதுதான் நல்ல பள்ளி என்பேன்.

தையல்விரல்:

மிக்க நன்றி. டெர்பி என்றால் முனையில் அந்தச் சுருக்கத்தை எப்படிச் சமாளிப்பது? பசையைப் பற்றியும் சொல்லுங்கள். ஒட்டிய சோல் பிரிந்து வருவதாகப் பலர் எழுதுகிறார்கள்.

கட்டையும்தோலும்:

டெர்பியே செய்யுங்கள், ஆனால் முதலில் கழிவுத்தோலில் ஒரு காலுக்கு மட்டும் வெட்டித் தைத்து லாஸ்டில் இழுத்துப் பாருங்கள். பேட்டர்ன் தவறு முழுவதும் அதில் தெரிந்துவிடும். மேல்தோலில் லாஸ்டின் ஓரத்துக்குக் கீழே 18 முதல் 20 மி.மீ. மிச்சம் விடுங்கள். 12 விட்டால் குறடு பிடிக்க இடமிருக்காது.

இன்சோலை லாஸ்ட் அடியில் மூன்று ஆணியால் நிறுத்துங்கள். லாஸ்டில் முகப்பவுடர் தூவிக்கொண்டால் பின்னர் சுலபமாக உருவ வரும். பிறகு முனை நடுவில் முதல் இழுப்பு, அதன் இருபுறமும் 25 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, அடுத்து குதிகால் நடுவில். பின்தையல் நேராக நிற்கிறதா, மேல்விளிம்பு இரு ஷூவிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று இங்கே நிறுத்திப் பாருங்கள். 42 சைஸுக்குப் பின்னுயரம் சுமார் 60 மி.மீ. இருக்கும். சரியென்றால் மட்டும் பக்கங்களுக்குப் போங்கள்.

முனையில் ஒரு பெரிய மடிப்பு விழும் இடத்தை இரண்டாக, இரண்டை நான்காகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்து ஆணியைப் பிடுங்கி, மறுபடி இழுத்து, அடிக்க வேண்டும். ஆணிகள் 5 மி.மீ. இடைவெளிக்கு வந்ததும் மடிப்பெல்லாம் ஓரத்துக்குக் கீழே ஒதுங்கிவிடும். அடியில் மிஞ்சி நிற்கும் முகடுகளைக் கத்தியால் சீவித் தட்டையாக்குங்கள். ஓரத்துக்கு மேலே ஒரு மடிப்பு தெரிந்தாலும் இன்னும் இழுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தியால் அடித்து மறைக்க முடியாது. நனைத்த ஸ்டிஃப்னர் உள்ளே இருப்பதால் இரண்டு, மூன்று நாள் லாஸ்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடித்தோல்:

சோல் பிரிவது பெரும்பாலும் பசையின் குற்றமல்ல, பரப்பின் குற்றம். குரோம் தோலின் மேல் மெருகுப்பூச்சு இருக்கும். பசை அந்தப் பூச்சைத்தான் பிடிக்கும், தோலைப் பிடிக்காது. மடக்கிய பகுதி முழுவதையும் 60 அல்லது 80 உப்புத்தாளால் நார் தெரியும்வரை முரடாக்குங்கள். சோல் ஓரத்துக்குச் சரியாக 1 மி.மீ. உள்ளே வரை, அதைத் தாண்டினால் வெளியே தெரியும். தூசியைத் துடைத்துவிட்டு நியோப்ரீன் பசையை இரு பக்கமும் தடவுங்கள். தோல் முதல் பூச்சைக் குடித்துவிடும், ஆகவே அது உலர்ந்ததும் தோல் பக்கத்துக்கு இரண்டாவது பூச்சு. விரல் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை, 10 முதல் 15 நிமிடம், காத்திருங்கள். ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு பிடிப்பே வராது. ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியால் அடித்துக்கொண்டு போங்கள். நெடுநேரம் பிடித்திருப்பதைவிட அழுத்தம்தான் ஒட்ட வைக்கிறது.

மடக்கிய தோலுக்கு நடுவே இன்சோலில் ஒரு பள்ளம் இருக்கும். சோலை ஒட்டுமுன் அதைக் கார்க் தூளும் பசையும் கலந்து, அல்லது தோல்துண்டு வைத்து, சமமாக நிரப்ப வேண்டும். விட்டால் நடக்கும்போது சோல் பொக்கென்று ஒலிக்கும்.

ஜன்னல் திறந்த இடத்தில் மட்டும் பசை வேலை செய்யுங்கள், அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக்கூடாது. இந்தப் பசைகளில் டொலுயீன் இருக்கும், சிலவற்றில் ஹெக்சேன். ஹெக்சேன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் கை கால் நரம்பு பாதிக்கும். சாதாத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளதுதான் தடுக்கும். அறையில் காற்றோட்டமே இல்லையென்றால் கரைப்பானுக்குப் பதில் நீர் கலந்த பசைக்கு மாறிவிடுங்கள். உலர அதிக நேரமாகும், அவ்வளவுதான்.

கூர்க்கத்தி:

ஒண்ணு விட்டுப் போச்சு. இன்சோல நிறுத்த அடிச்ச மூணு ஆணி, மடக்கின மேல்தோல் இன்சோலோட பசையில பிடிச்சதும் லாஸ்டிங் ஆணியோட சேத்து அதையும் பிடுங்கிடுங்க. சோல ஒட்டினப்புறம் ஞாபகம் வந்தா லாஸ்ட் வெளிய வராது, சோலத்தான் பிரிக்கணும். எத்தனை அடிச்சோம்னு பென்சிலால லாஸ்ட் பக்கத்துல எழுதி வெச்சு, பிடுங்கும்போது எண்ணிப் பாருங்க.